பந்தி வில்லை

ஈயத்துக்கு ஒரு ருசி உண்டு. முதலில் நாக்கில் சில்லென்று படும், பிறகு மெல்ல ஒரு புளிப்பு ஊறும், அதற்கும் பிறகு தொண்டைக்குள் இறங்குவது கசப்பா துவர்ப்பா என்று சொல்லத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பதினொரு வயது நடந்த ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அம்மாவின் ஈய வில்லையை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தேன். அதன் ஓரத்தில் என் கோரைப்பல்லின் தடம் பதிந்தது. அந்த ருசி இன்னும் போகவில்லை.

எங்கள் சபையில் அதற்குப் 'பந்தி வில்லை' என்று பெயர். பழைய இரண்டு பைசா அளவில், ஓரம் ஒழுங்காக வராத சின்ன ஈயத்துண்டு. ஒரு பக்கம் திராட்சைக்குலை, மறுபக்கம் தேய்ந்துபோன சிலுவை. வேப்பந்தட்டையிலிருந்து அரும்பாவூர் போகிற சாலையில், மேற்கே பச்சைமலை நீளமாகப் படுத்துக் கிடப்பது தெரிகிற ஊர் எங்களுடையது. அதன் கீழ்த்தெருவில் இருந்த இருபது வீடுகள்தாம் எங்கள் சபை. அம்மாவின் தாத்தா காலத்தில் ஏதோ ஒரு குளிர்நாட்டிலிருந்து வந்த துரை ஒருவர், ஓடு வேய்ந்த ஒரு ஜெபவீட்டையும், ஒரு மரப்பெட்டி நிறைய இந்த வில்லைகளையும், கடவுள் தமக்கு வேண்டியவர்களை உலகம் உண்டாகும் முன்பே தெரிந்துகொண்டுவிட்டார், அதாவது தேர்ந்தெடுத்துவிட்டார் என்கிற போதனையையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாராம். ஓடுகள் மழைக்கு ஒழுகின. போதனை மட்டும் ஒழுகாமல் அப்படியே இருந்தது.

வருடத்துக்கு இரண்டு முறைதான் எங்களுக்கு அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிற திருவிருந்து. அதைத்தான் எல்லோரும் 'பந்தி' என்பார்கள். முதல் நாள் சனிக்கிழமை மாலை, சபையை நடத்துகிற மூப்பர் மாசிலாமணி ஜெபவீட்டு மேசையின் முன்னால் உட்கார்ந்திருப்பார். திடப்படுத்தல் சடங்கு முடிந்து சபையில் முழு அங்கமான பெரியவர்கள் ஒவ்வொருவராக எதிரே போய் நிற்க வேண்டும். யாரோடாவது சண்டையா, சாராயம் தொட்டாயா, கோயிலுக்கு நேர்ந்துகொண்டாயா என்று தாழ்ந்த குரலில் கேட்பார். பதில் சரியாக இருந்தால் பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைப்பார். மறுநாள் வெள்ளைத்துணி விரித்த பலகையின் முன்னால் உட்காரப் போகிறவர்கள், அந்த வில்லையை மூப்பர் பிடித்திருக்கும் துணிப்பையில் போட்டுவிட்டுத்தான் பாயில் கால் வைக்க முடியும். வில்லை இல்லாதவர்களும் பிள்ளைகளும் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

மூப்பர் ரிட்டயர் ஆன வாத்தியார். அடிக்காத வாத்தியார் என்று பெயரெடுத்தவர். ஞாயிறு வகுப்பில் எங்களுக்குக் கேள்வி-பதில் சொல்லிக்கொடுப்பார். அவருடைய ஒரு பேச்சு மட்டும் எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

"மேல பரலோகத்துலயும் ஒரு பந்தி இருக்கு பிள்ளைங்களா. பேரு இருக்கிறவங்கதான் உக்கார முடியும். பேரு எழுதினது இன்னைக்கு நேத்து இல்ல. இனிமே போயி யாரும் சேத்துக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது."

நான் வகுப்பில் வாய் திறக்காத பெண். அன்று எப்படியோ எழுந்து நின்றுவிட்டேன்.

"இப்ப ஒருத்தவங்க நம்பினா, அப்பறம் சேத்துக்க மாட்டாராங்க ஐயா?"

"நம்புறதால தெரிஞ்சுக்கிறதில்ல மார்த்தா. தெரிஞ்சுக்கிட்டதால நம்புவாங்க."

"நம்பவே இல்லைன்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "உக்காரு பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

நான் யாரை நினைத்துக் கேட்டேன் என்பது அவருக்குத் தெரியும். வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். என் அப்பா செல்லமுத்து சபையைச் சேர்ந்தவர் இல்லை. அம்மா எஸ்தரைக் கட்டிக்கொண்டபோது ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டவர், பன்னிரண்டு வருடமாக "எடுக்கலாம், எடுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கெட்டவர் என்று அவரை ஒருவரும் சொன்னதில்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். கிணறு வெட்டுகிற வேலை. எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்தில் தண்ணீர் பாறைக்கு அடியில்தான் இருக்கும் என்பதால், உளியால் பாறையில் துளை போட்டு, மருந்து திணித்து, வெடி வைத்து, உடைந்த கல்லை மேலே ஏற்றுகிற வேலை அது. பதினைந்து வருடம் அந்தக் கல்தூசியைத் தின்ற நெஞ்சு, நான் ஆறாவது படிக்கும்போது இருமத் தொடங்கியது.

காலையில் பஸ் நிற்கிற இடத்து டீக்கடை முன்னால் 'ஆளெடுப்பு' நடக்கும். மேஸ்திரி சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, வரிசையாக நிற்கிற ஆட்களை ஒரு பார்வை பார்த்து, பீடி பிடித்த கையால் "நீ வா, நீ வா, அந்தா நீ" என்பார். அந்த விரல் படாதவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இருமல் வருவதற்கு முன்பு அந்த விரல் முதலில் போவது அப்பாவிடம். பிறகு அது அவரைத் தாண்டிப் போகத் தொடங்கியது. தாண்டிப் போனதை நான் ஒருநாள் பார்த்தேன். அப்பா இருமலை அடக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தார். மேஸ்திரி அவரைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திரும்பி வரும் வழியில் அப்பா என்னிடம், "இன்னைக்கு எனக்கு லீவு ஆயி" என்றார். என்னை அவர் 'ஆயி' என்றுதான் கூப்பிடுவார். அப்புறம் தினமும் லீவாகவே இருந்தது.

அம்மா அந்த மார்கழி முழுவதும் அவருக்காக ஜெபித்தாள். அடுப்பை ஊதும்போதும் களத்தில் கடலைச்செடி ஆயும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். உடம்பு சரியாக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் மூச்சுக்கு இடமில்லை, இனி வைத்தியம் பலிக்காது என்று சொன்னதற்குப் பிறகு அந்த ஆசையை அவள் விட்டுவிட்டாள். ஒரேயொரு தடவை அப்பா வாயைத் திறந்து "நம்புறேன்" என்று சொல்லிவிட வேண்டும், அதை வைத்து அவர் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அது போதும் அவளுக்கு. மூப்பரைக் கெஞ்சி ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

"ஒடம்பு எப்படி இருக்கு செல்லமுத்து?"

"கூப்புட்டாப் போவ ரெடியா இருக்குங்க ஐயா. கூப்புடுற ஆளத்தான் காணும்."

"அந்தக் கூப்புடு காதுல கேக்காதுப்பா. மனசுலதான் கேக்கும்."

"வெடிச் சத்தத்துல காது பாதி போயிட்டுது. மனசு எந்த மட்டும் இருக்கோ."

"ஏங்க, ஐயாகிட்டப் போயி வெளாடாதீங்க" என்றாள் அம்மா.

"வெளாடல எஸ்தரு. தெரியாமத்தான் கேக்குறன்." அப்பா சுவரில் சாய்ந்து மூச்சை இழுத்துக்கொண்டார். "என் பேரு இருந்துச்சுன்னா, நான் வேணாம்னு ஓடுனாலும் வுட மாட்டாரு. இல்லன்னா, நான் கால்ல வுழுந்தாலும் சேக்க மாட்டாரு. இதுதான நீங்க சொல்றது? அப்பறம் எதுக்குங்க ஐயா இந்த வெயில்ல இம்மாந்தூரம் நடந்து வந்தீங்க?"

மூப்பர் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வராம இருக்க முடியலப்பா" என்றார்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. கிண்டல் போன இடம் தெரியவில்லை. "எஸ்தரு, மோரு இருந்தாக் குடு. ஐயா களைச்சிட்டாரு" என்றார்.

தை மாதத்துப் பந்திக்கு முந்திய சனிக்கிழமை அம்மா வில்லை வாங்கி வந்தாள். பந்திக்கென்றே ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்த வெள்ளைச் சேலையின் நுனியில் அதை வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, பல்லால் இழுத்து முடிந்தாள். அவள் போடுகிற முடிச்சு வேறு யாருக்கும் வராது. எனக்கு மட்டும் வரும்; பார்த்தே பழகியிருந்தேன், அது அம்மாவுக்குத் தெரியாது. சேலையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். அன்றைக்குத்தான் அப்பாவின் துண்டில் முதல் முறையாக ரத்தம் பார்த்தோம்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் சின்னம்மா வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது உள்ளே இருந்த என் காதில் விழுந்தது: "அடுத்த பந்திக்கெல்லாம் அவரு இருக்க மாட்டாரு எஸ்தரு. மனசத் தேத்திக்க."

அடுத்த பந்தி ஆறு மாதம் கழித்து. அம்மாவுக்கு அப்போது வேறு வில்லை கிடைக்கும். அப்பாவுக்கு அந்த ஆறு மாதம் இல்லை. நான் போட்ட கணக்கு இவ்வளவுதான். அங்கே ஒரு பந்தி இருக்கிறது, அதன் வாசலிலும் யாரோ ஒருவர் துணிப்பையோடு நிற்பார், அப்பாவின் கையில் வில்லை இருந்தால் பாயில் கால் வைக்க விட்டுவிடுவார். பதினொரு வயதுக்கு இதைவிடத் தெளிவாக எனக்குத் தோன்றவில்லை. இன்று யோசித்தாலும், அந்தச் சபையில் வளர்ந்த ஒரு குழந்தைதான் இப்படியொரு தப்பைச் செய்திருக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அடிபம்புக்குக் குடம் எடுத்துக்கொண்டு போனதும் கொடியிலிருந்து சேலை நுனியை இழுத்தேன். முடிச்சை அவிழ்த்தேன். அது நிஜமானதுதானா என்று ஏன் கடித்துப் பார்த்தேனோ தெரியவில்லை. அப்பா சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் பச்சை பெல்ட். கிணற்று வேலைக்காரர்கள் கட்டுகிற, பை வைத்த அகலமான பெல்ட். வேலைக்குப் போகாவிட்டாலும், இளைத்துப் போன இடுப்பில் கைலி நிற்பதற்காக அதைக் கட்டியிருந்தார். பெல்ட்டின் பைக்குள் வில்லையைப் போட்டுப் பித்தானை அழுத்தினேன். அவர் முழிக்கவில்லை.

பிறகு, எல்லாவற்றையும் கெடுத்த காரியத்தைச் செய்தேன். அம்மாவுக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று சேலை நுனியை அவளைப் போலவே இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே செருகி, பல்லால் இழுத்து, வெறும் முடிச்சாக முடிந்து வைத்தேன். கஞ்சி போட்ட சேலை. தொட்டுப் பார்த்தால் உள்ளே ஏதோ இருப்பது போலத்தான் இருந்தது.

ஜெபவீட்டில் பாட்டு முடிந்து, பெரியவர்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள். அம்மா நாலாவதோ ஐந்தாவதோ. மூப்பர் பையை நீட்டினார். அம்மா அவர் கண் முன்னாலேயே முடிச்சை அவிழ்த்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. துணி விரிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அவள் துணியை உதறவில்லை, தரையில் தேடவில்லை. விரிந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்தவர்கள் "என்ன, என்ன" என்றார்கள். மூப்பர் குனிந்து, "எங்கயாச்சும் விழுந்திருக்கும் எஸ்தரு. நீ போ, உக்காரு" என்று பாயைக் காட்டினார். அவர் விதியை மீறி அப்படிச் சொன்னதை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, வரிசையை விட்டு விலகி, பிள்ளைகளோடு சுவரோரம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உடம்பு நடுங்குவது என் தோளில் தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் வில்லையை அப்பாவிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். திறக்காவிட்டால் அம்மா இப்படியே நடுங்கிக்கொண்டிருப்பாள். இருப்பது ஒரே ஒரு வில்லை. இருவரில் யாருக்கு என்று தெரிந்தெடுக்கிற வேலை என் தலையில் வந்து விழுந்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். "சின்ன விஷயம்மா. இன்னொரு வில்லை குடுத்திருப்பனே."

"முடிச்சு அவுராம இருந்துச்சுங்க ஐயா" என்றாள் அம்மா. "நான் போட்ட முடிச்சு. எம் பல்லு பட்ட முடிச்சு. உள்ள இருந்தது மட்டும் இல்ல. மனுசர் கை எடுத்தா முடிச்சு அவுந்திருக்காதா? அவரே எடுத்துக்கிட்டாருங்க. நான் வேணாம்னு காட்டிட்டாரு."

வீட்டுக்கு வரும் வழியில் பாக்கியம் சின்னம்மா, "என்ன எஸ்தரு, பந்தியில ஒனக்கு எடமில்லன்னுட்டாங்களா? காலமெல்லாம் நீதான முன்னாடி ஓடுவ?" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். அம்மா, "ஆமா, எடமில்ல" என்றாள். சின்னம்மாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா வேலைக்குப் போனாள், சோறு வடித்தாள், அப்பாவுக்கு வெந்நீர் வைத்தாள். ஆனால் உதடு அசைவது நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்குப் போகவில்லை. ஒருநாள் அப்பாவே, "என்ன எஸ்தரு, எனக்காக மேல மனு போடுறத நிறுத்திட்டியா?" என்று கேட்டார். அவள் முறத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவருக்கு வேண்டாதவ நான் வேண்டிக்கிட்டு என்ன ஆவப் போவுது?" சொல்லிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

தாங்க முடியாமல் ஒரு சனிக்கிழமை, ஜெபவீட்டைக் கூட்டுகிற சாக்கில் மூப்பரிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"ஐயா, ஒருத்தவங்க எடத்த இன்னொருத்தவங்களுக்குக் குடுக்க முடியுமாங்க?"

"பஸ்ஸுல எந்திரிச்சு எடம் குடுக்கிற மாதிரியா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போயிற்று. "முடியாதும்மா. அவரவருக்கு உள்ளது அவரவருக்குத்தான்." பிறகு, யாரிடமோ பேசுவது போலச் சொன்னார்: "முடியும்னா என் எடத்த எப்பவோ என் மவனுக்குக் குடுத்திருப்பேன்."

அவர் மகன் அரியலூர்ப் பக்கம் வேலைக்குப் போனவன், சபையையும் அப்பாவையும் விட்டுவிட்டவன் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த வீட்டிலும் இதே பயம் இருந்திருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டுச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

மாசி மாதத்தில் அப்பா இன்னும் இளைத்தார். பெல்ட்டைக் கடைசி ஓட்டையில் மாட்டியும் அது இடுப்பில் நிற்கவில்லை. ஒரு மத்தியானம், அம்மா மிளகாய் பறிக்கப் போயிருந்தபோது, "ஆயி, ஒரு ஆணியும் கல்லும் எடுத்தா. இன்னொரு ஓட்ட போடுவோம்" என்றார். நான் எடுத்து வந்தபோது அவர் பெல்ட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பித்தான் திறந்திருந்தது. வில்லை அவர் உள்ளங்கையில் இருந்தது.

"இது யாரு வேல?"

நான் ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு டிக்கெட்டு எடுத்தியா நீ?" என்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நெடுநேரம் ஆயிற்று. நின்றதும் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் தடத்தை விரலால் தடவினார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வருவது தெரிந்தது. "உங்கம்மா டிக்கெட்டையா எடுத்தாந்து எனக்குக் குடுத்த?"

"அம்மாவுக்கு வேற குடுப்பாங்க. ஒனக்குத் தர மாட்டாங்கப்பா." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "நீ அங்க வெளிய நிப்ப. ஆளெடுப்புல நிக்கிற மாதிரி நிப்ப. ஒன்னைய மட்டும் வுட்டுட்டு எல்லாத்தையும் கூப்புடுவாங்க."

அப்பா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"அவ இல்லாத எடத்துல எனக்கு என்ன சோலி ஆயி?" என்றார். "அந்தப் பந்தியில நான் மட்டும் போயி உக்காந்தா சோறு எறங்குமா எனக்கு? போ, அந்த வெள்ளச் சேலைய எடுத்தா."

ட்ரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்து வந்தேன். பாறையை உடைத்துக் காய்த்துப்போன அந்த விரல்களால் சேலை நுனியை விரித்து, நடுவில் வில்லையை வைத்தார். "நீயே முடி. அன்னைக்கு முடிஞ்ச மாதிரியே."

"அம்மாகிட்டச் சொல்லிரவா?"

"சொல்லாத. நீ எடுத்தன்னு தெரிஞ்சா, எடுத்த கை ஒன்னுதுன்னு ஆயிடும். அவ, எடுத்தது கடவுளுன்னுல்ல நெனைச்சிட்டிருக்கா. குடுத்ததும் அவராவே இருந்துட்டுப் போவட்டும்."

"அப்ப ஒனக்கு?"

"எனக்கென்ன?" அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். "மேஸ்திரி கண்ணுல படுற மாதிரி நின்னு பாக்குறேன். கூப்புட்டாப் போறேன். கூப்புடலன்னா எனக்குப் பழக்கந்தான?"

நான் பல்லால் இழுத்து முடிந்தேன். சேலையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். அம்மா பெட்டியை எப்போது திறப்பாள் என்று தினமும் காத்திருந்தேன். பந்திக்குப் போக மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டவள் பந்திச் சேலையை எதற்குத் தொடப் போகிறாள்? அப்பாவும் அவள் கையில் அது கிடைப்பதைப் பார்த்துவிட்டுப் போகத்தான் நினைத்திருப்பார். இரண்டு முறை, "எஸ்தரு, அந்தப் பெட்டித் துணியெல்லாம் வெயில்ல போடக் கூடாதா? பூச்சி அரிக்கப் போவுது" என்றார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் அப்பா இறந்துபோனார். தண்ணீர் கேட்டார், குடித்தார், "போதும்" என்றார். அவ்வளவுதான். "நம்புறேன்" என்று அவர் சொல்லவில்லை. அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் கட்டிலைப் போட்டு அப்பாவைக் கிடத்திய பிறகு, பாக்கியம் சின்னம்மா அம்மாவுக்கு மாற்றுச் சேலை எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து நீட்டினாள். அம்மாவின் விரல் முடிச்சில் பட்டது. அவிழ்த்தாள். அவள் போட்ட அலறலைக் கேட்டுத் தெருவே துக்கம் என்று நினைத்தது. எனக்கு மட்டும்தான் தெரியும், அதில் பாதி துக்கம் இல்லை.

"என்னைய வுட்டுறல! என்னைய வுட்டுறல!" என்று வில்லையை நெற்றியில் வைத்துக்கொண்டு கதறினாள். பிறகு அப்பாவின் மேல் விழுந்தாள். "எனக்குத் திருப்பிக் குடுத்தவரு ஒங்களுக்குக் குடுக்கலியே! ஒங்களக் கூப்புடாமயே வுட்டுட்டாரே!"

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். அம்மா, அது கடவுள் கொடுத்ததில்லை, அப்பா உனக்குக் கொடுத்தது என்று. சொன்னால் அப்பா அவளுக்குக் கிடைப்பார், கடவுள் போய்விடுவார். சொல்லாவிட்டால் கடவுள் கிடைப்பார், அப்பா போய்விடுவார். இரண்டாவது முறையாகவும் அந்த வேலை என்னிடமே வந்தது. இரண்டாவது முறையாகவும் நான் வாய் திறக்கவில்லை.

ஞானஸ்நானம் பெறாதவர் என்பதால் ஜெபவீட்டுத் தோட்டத்தில் அப்பாவுக்கு இடமில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் பொதுச் சுடுகாட்டில் புதைத்தார்கள். மூப்பர் வந்திருந்தார். சபையின் வழக்கப்படி அவர் அங்கே ஜெபம் செய்யக் கூடாது. கூட்டத்தை விட்டுத் தள்ளி, ஒரு வேப்பமரத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மண் தள்ளி முடிகிற வரைக்கும் அவர் உதடு அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அம்மா அடுத்த பந்தியில் அந்த வில்லையைப் பையில் போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் ஒரு பந்தியைக்கூட விட்டதில்லை. தன்னைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கடைசியாகப் படுத்தபோதுகூட, சாவதற்குப் பயமில்லை என்றாள். "அங்க போயித் தேடுனாலும் உங்கப்பாவப் பாக்க முடியாதே மார்த்தா" என்பதற்குத்தான் அழுதாள். அப்போதும் என் வாய் வரைக்கும் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சு நின்ற பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதினேழு வயதில் திடப்படுத்தல் நடந்தது. மேசை முன்னால் போய் நிற்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும், என் கையில் வைக்கப்படும் வில்லையின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பேன். நாலாவது வருடம் அது வந்தது. என் பல் தடம், வேறு யாருக்கும் அது பல் தடம் என்று தெரியாது. மறுநாள் நான் பந்திக்குப் போகவில்லை. வில்லையையும் திருப்பிக் கொடுக்கவில்லை. மூப்பர் அப்போது மிகவும் வயதாகிப் போயிருந்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த என்னை ஒரு தடவை பார்த்தார். பையை எடுத்து வைக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை.

மூப்பர் சொன்ன முறைப்படி, நம்பிக்கைதான் தெரிந்துகொள்ளப்பட்டதற்கு அடையாளம். அப்பாவிடம் அந்த அடையாளம் இல்லை. கிடைத்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்பது மட்டும்தான் அவரிடம் இருக்கிறது. அதை அடையாளமாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. படித்தவர்களிடம் கேட்கக் கூச்சம். என்ன பதில் வருமோ என்கிற பயம் அதைவிடப் பெரிது.

இப்போது நான் வேப்பந்தட்டையில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறேன். கீழ்த்தெரு ஜெபவீடு இடிந்து, அந்த இடத்தில் டைல்ஸ் பதித்த வேறொரு சபை வந்திருக்கிறது. அங்கே வில்லையும் இல்லை, கேள்வியும் இல்லை. கை தூக்கியவர்கள் எல்லோருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் திராட்சை ரசம் கொடுக்கிறார்கள். மரப்பெட்டியும் வில்லைகளும் பழைய இரும்புக்காரனோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். அப்பா வெட்டிய கிணறுகளில் பாதி தூர்ந்துவிட்டன. ஆளெடுப்பு நடந்த டீக்கடையும் இல்லை. சாலையை அகலமாக்கியபோது போய்விட்டது.

போன பங்குனியில் வில்லையை எடுத்துக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போனேன். அவர் கையில் கொடுக்க முடியாது. அவர் மண்ணிலாவது புதைத்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். சுடுகாடு முழுவதும் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. பழைய குழிகளின் மேலேயே புதுக் குழிகள் தோண்டியிருந்தார்கள். மூப்பர் நின்ற மரம் இருந்தால் அதை வைத்தாவது இடம் கண்டுபிடிக்கலாம் என்று தேடினேன். அதுவும் இல்லை. அப்பா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தேன்.

பிறகு வில்லையைச் சேலை நுனியில் வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே செருகி, பல்லால் இழுத்து முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் அவிழ்க்கவில்லை.